பேரூராட்சிக்கு ஒரு திறந்த மடல்: சதுப்பில் சேறு இருக்கட்டும்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களுக்கும், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயல் அலுவலர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் தேயிலை எடை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில், கால்வாய் ஓரமாக வரிசையாக முளைக்குச்சி அடித்துச் சிவப்புப் பெயின்ட் பூசியிருந்தது. என்ன வேலை என்று கேட்டேன். அளக்க வந்த தம்பி மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "அம்மா, உங்களை மாதிரி பறவை பார்க்கிறவங்களுக்குத்தான் இதெல்லாம். கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டு, ரெண்டு பக்கமும் நடைபாதை, பெஞ்சு, லைட்டு எல்லாம் வருது. சதுப்பைத் தூர்வாரிக் குளமாக்கிட்டா வாத்துகூட விடலாம்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி நடக்கப் போகிற வேலை என்பதால் நான் பேசாமல் இருப்பது சரியாகாது. பூங்கா என்ற எண்ணமே நல்லெண்ணம்தான், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தில் உள்ளபடி வேலை முடிந்தால், நடைபாதையும் பெஞ்சும் இருக்கும், உட்கார்ந்து பார்க்க எதுவும் இருக்காது. இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

எனக்குப் பெரிய படிப்பு இல்லை. ஒன்றேகால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. இலை பறித்துக் கொட்டகையில் வைத்துவிட்டு, ஃபேக்டரி வண்டி வரும்வரை கல்பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருப்பேன். வண்டி சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை. ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். எதிரே சதுப்பு. வேறு எதைப் பார்ப்பது? அப்படித்தான் ஆரம்பித்தது. 2013-இல் கோவையில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகன் தன்னுடைய பழைய பைனாகுலரைக் கொடுத்தான். அன்றிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வருகிறேன். இப்போது ஒன்பதாவது நோட்டு. பொங்கலுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது. அதற்கும் நம் சதுப்பின் பட்டியல் போகிறது. நான் எழுதித் தருவதை அண்ணன் மகன் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடுவான்.

செப்டம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு சாம்பல் வாலாட்டி வந்துவிடும். முதுகு சாம்பல், வயிற்றடி மஞ்சள், உட்கார்ந்த இடத்தில் வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இமயமலையிலிருந்தோ அதற்கும் வடக்கிலிருந்தோ கிளம்பி, குளிர்காலத்துக்கு நம் மலைக்கு முதல் ஆளாக வந்து சேர்வது இதுதான். பாலத்துக்குக் கீழே, கால்வாய் வளைகிற இடத்தில் இரண்டு பாறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு பாறைகளுக்கு நடுவில்தான். வேறொரு வாலாட்டி வந்தால் துரத்திவிடும். ஏப்ரலில் போய்விடும். அதே பறவைதானா என்று பறவைக்குக் கால்வளையம் மாட்டி அடையாளம் வைப்பவர்களால்தான் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பாறைகளைச் சுற்றி ஓடும் மெல்லிய தண்ணீரில் பூச்சிகள் இருப்பதால்தான் அது அங்கே நிற்கிறது என்பதைப் பாலத்தில் பத்து நாள் உட்கார்ந்தால் யாரும் சொல்லிவிடலாம். கான்கிரீட் போடும்போது முதலில் பெயர்த்தெடுக்கப் போவது அந்தப் பாறைகளைத்தான். சிவப்புப் பெயின்ட் அவற்றின் மேலேயே இருக்கிறது.

தண்ணிக்கோழி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இங்கே இரண்டு உண்டு. வெள்ளை மார்பும் செம்பழுப்பு வாலடியுமாக வேலியோரம் ஓடி ஒளியும் கானாங்கோழி ஒன்று. மழை தொடங்கியதும் ராத்திரி முழுக்க விடாமல் கத்துவது அதுதான். நெற்றியில் சிவப்புப் பட்டையோடு நீந்தும் தாழைக்கோழி மற்றொன்று. தாழைக்கோழி கோரையை மடித்து மடித்துத் தண்ணீர் ஓரத்தில் மேடை கட்டி முட்டையிடும். முதல் ஈட்டுக் குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும், அடுத்த ஈட்டில் வந்த தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும். நான் இதை முதலில் பார்த்தபோது நம்பவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், உலகமெங்கும் தாழைக்கோழிகள் அப்படித்தானாம். நம் வீட்டுப் பெரிய பிள்ளைகள் செய்கிற வேலையை அது இந்த இரண்டு ஏக்கர் சேற்றில் செய்துகொண்டிருக்கிறது. இந்த ஆகஸ்டில், நான் இதை எழுதுகிற இன்றைக்கு, கிழக்கு ஓரத்துக் கோரையில் ஒரு தாயும் நான்கு கறுத்த குஞ்சுகளும் இருக்கின்றன. ஜேசிபி இப்போது இறங்கினால் அவை எங்கே போகும்?

உள்ளானைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடைபாதையில் நடப்பவர் யாரும் அதைப் பார்க்கவே போவதில்லை. நீண்ட அலகு, காய்ந்த புல்லின் நிறம். காலடிக்கு வரும்வரை அசையாது, பிறகு சடாரென்று கிளம்பி வளைந்து வளைந்து பறக்கும். அந்த அலகின் நுனி மெத்தென்று இருக்கும், உணர்வு நரம்புகள் நிறைந்தது. சேற்றுக்குள் அலகு முழுக்கப் புதைந்திருக்கும்போதே நுனியை மட்டும் திறந்து புழுவைப் பிடித்துவிடும். இது முடிய வேண்டுமென்றால் சேறு இளகலாக, ஒரு விரல் அழுத்தினால் உள்ளே போகும் பதத்தில் இருக்க வேண்டும். ஒரு டிசம்பரில் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, கருத்ததாக ஒன்று எழும்பியது. கோவையிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் படம் எடுத்துப் பார்த்து வுட் ஸ்னைப் என்றார்கள். இமயமலையில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தென்னிந்திய உயர்மலைகளின் சதுப்புவரை வரும் பறவை. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. நம் இலைக் கொட்டகைக்குப் பின்னால் அது ஒரு வாரம் இருந்தது.

மலைத் தகைவிலானை உங்களுக்கெல்லாம் தெரியும், பெயர் தெரியாமல் இருக்கலாம். பஸ் ஸ்டாப்பின் கூரைக்கு அடியிலும் ரேஷன் கடைத் தாழ்வாரத்திலும் மண்கூடு கட்டியிருக்கிறதே, அதுதான். அந்தக் கூட்டுக்கு மண் எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததுண்டா? பாலத்துக்கு மேற்கே, எருமைகள் இறங்கித் தண்ணீர் குடித்த பழைய துறையில், மிளகளவுச் சேற்று உருண்டையாக வாயில் எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான தடவை போய் வருகின்றன. அந்த ஓரத்துக்குத் திட்டத்தில் பேவர் பிளாக் என்று எழுதியிருக்கிறது. குருவி பேவர் பிளாக்கைக் கொத்தி எடுக்க முடியாது.

இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகலாம். நாணலுக்குள் இருந்துகொண்டு குரல் மட்டும் கொடுக்கும் கதிர்க்குருவி, தேயிலைச் செடி மேல் உட்காரும் புதர்ச்சிட்டு, மடையான், சிறால் மீன்கொத்தி, குளிர்காலத்தில் எப்போதாவது தலைகாட்டும் முக்குளிப்பான். எல்லாவற்றுக்கும் வேண்டியது நான்கே பொருள்தான்: கோரை, சேறு, மெதுவான தண்ணீர், இருட்டு. திட்டம் எடுத்துவிடப் போவதும் இந்த நான்கையும்தான்.

கோத்தகிரியில் மார்கரெட் கோபர்ன் என்றொரு பெண்மணி வாழ்ந்தார். 1829-இல் பிறந்து 1928-இல் இறந்தவர். இங்கே காப்பியும் தேயிலையும் பயிரிட்டுப் பார்த்த முன்னோடிகளில் ஒருவரின் மகள். நீலகிரிப் பறவைகளை வண்ணத்தில் வரைந்தார், எந்தப் பறவை எங்கே எப்படிக் கூடு கட்டுகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதிப் பறவையியல் அறிஞர் ஆலன் ஹியூமுக்கு அனுப்பினார். இந்தியப் பறவைகளின் கூடுகளைப் பற்றி ஹியூம் தொகுத்தவற்றில் அவருடைய குறிப்புகளும் இருக்கின்றன. அவர் வரைந்த ஓவியங்கள் இன்று லண்டனில் பத்திரமாக உள்ளன. வரையப்பட்ட பறவைகளின் இருப்பிடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பு நம்மிடம் வந்திருக்கிறது என்றுதான் அதை நினைக்கும்போது எனக்குத் தோன்றும்.

இனி சதுப்புக்குக் கீழே வரிசையாக இருக்கும் கீழ் லைன் வீடுகளைப் பற்றி. இதை நான் தவிர்த்துவிட்டுப் பறவை பறவை என்று பேசினால் அது அநியாயம். போன நவம்பர் மழையில் அந்த வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் போனது. அரிசி மூட்டை நனைந்தது, பிள்ளைகளின் புத்தகங்கள் போயின. "உங்க குருவிக்காக நாங்க தண்ணியில கிடக்கணுமா அக்கா?" என்று அங்கிருந்து ஒரு தங்கை என்னைக் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்.

ஆனால் அன்று காலை பாலத்தில் நின்று பார்த்தவள் நான். சதுப்பு பொங்கி வழியவில்லை. ரோட்டுக்குக் கீழே போகும் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. மழை விட்டதும் அந்த லைன் பையன்களும் நாங்களும் சேர்ந்து கையால் இழுத்துப் போட்டோம். பாட்டில்கள், கேரட் சாக்குகள், கிழிந்த தார்ப்பாய், ஒரு பழைய மெத்தை. மெத்தை வெளியே வந்த பத்து நிமிடத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கால்வாயை நேராக்கிக் கான்கிரீட் போட்டால் என்ன ஆகும்? வளைந்து நெளிந்து, கோரையில் தடுக்கித் தடுக்கி வருகிற தண்ணீர், வழுவழுப்பான தொட்டியில் ஒரே ஓட்டமாக அதே குழாய்க்கு வந்து சேரும். முன்பு இரண்டு மணி நேரத்தில் வந்த வெள்ளம் அரை மணியில் வரும். அந்தத் தங்கையின் வீட்டை அது காப்பாற்றாது, அம்மா.

2009 நவம்பரை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே மழையில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்களை மண்சரிவுக்குக் கொடுத்தோம். அந்த நாட்களில் நம் சதுப்பு இலைக் கொட்டகைப் படிவரை விரிந்து ஏரி போல நின்றது. பிறகு ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே ராத்திரியில் கீழே இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். மார்ச் ஏப்ரலில் மேட்டுக் குழாயெல்லாம் வற்றியபோதும் சதுப்புக்குக் கீழே உள்ள கிணற்றில் ஊற்று நிற்காததற்கும் இந்தச் சேறுதான் காரணம். பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, வெயில் காலத்தில் விடுகிறது.

தூர் என்று சொல்லி ஜேசிபி அள்ளப் போகிற கறுப்பு மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரிச் சதுப்புகளில் புல்லும் கோரையும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. 1993-இல் சூழலியல் அறிஞர் ரா. சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும் இந்த மண்ணடுக்குகளை எடுத்துப் பரிசோதித்து, 20,000 ஆண்டுகளில் இந்த மலையில் எப்போது மழை மிகுந்தது, எப்போது வறண்டது என்று கண்டுபிடித்தார்கள். அப்படிச் சேர்ந்ததை லாரியில் ஏற்றி மைதானத்துக்குப் பள்ளம் நிரப்பப் போட்டுவிட்டால் திரும்ப வராது. தோடர் பழங்குடியினர் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் புல்லும் இப்படிப்பட்ட உயரச் சதுப்புகளில்தான் வளரும். சதுப்புகள் குறைந்ததால் அவர்கள் அந்தப் புல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

நீர்நிலையைத் திருத்திக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. ஊட்டி ஏரி 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் உருவானது. இன்றைய பஸ் ஸ்டாண்டும் பழைய குதிரைப் பந்தயத் திடலும் இருக்கும் இடம்வரை அன்று தண்ணீர் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக் கட்டினார்கள். ஊருக்குள் கரை கட்டி ஓடும் கோடப்பமந்து கால்வாய் இன்று ஊரின் கழிவை ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கனமழை பெய்தால் பழைய ஏரிப் பகுதியில்தான் முதலில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் தன் இடத்தை மறப்பதில்லை. அங்கே திருத்த எவ்வளவு பணம் செலவாகிக்கொண்டிருக்கிறது என்பது அலுவலகத்தில் இருக்கிற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, எதுவுமே செய்ய வேண்டாமா என்றால், செய்ய நிறைய இருக்கிறது. அதே பணத்தில் முதலில் ரோட்டுக் குழாயை எடுத்துவிட்டுப் பெரிய பாலமாகக் கட்டுங்கள். அதற்கு மேல்பக்கம் குப்பை தடுக்கும் இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்று, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதைச் சுத்தம் செய்ய இரண்டு ஆள். கீழ் லைன் மக்களுக்கு இதுதான் உடனே வேண்டியது. பிளாஸ்டிக் பைக்கு மாநிலம் 2019-இல் தடை போடுவதற்குப் பல வருடம் முன்பே தடை போட்ட மாவட்டம் நம்முடையது. அந்தத் தடையைச் சந்தைக் கடைகளில் மறுபடி உயிரோடு கொண்டுவர உங்களால் முடியும்.

அடுத்தது கேரட் கழுவுகிற தண்ணீர். மேலே இரண்டு இடத்தில் மிஷின் போட்டுக் கழுவுகிறார்கள், செம்மண்ணும் தோட்டத்து மருந்தும் அப்படியே கால்வாயில் இறங்குகின்றன. கழுவும் நாட்களில் கால்வாய் டீ நிறத்தில் ஓடும், அன்று வாலாட்டி பாறைக்கு வராது. அவர்களும் நம் ஆட்கள்தான், விலை கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள், நான் குற்றம் சொல்லவில்லை. இரண்டு தொட்டி கட்டி மண் படிந்த பிறகு தண்ணீரை விட்டால் போதும். பேரூராட்சி கட்டிக் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள். ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரி வந்து கொட்டிவிட்டுப் போகிறது. அதை நிறுத்த வண்டித் தடுப்பு ஒன்று போதும்.

கோரையை வெட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முன்பு எருமைகள் மேய்ந்து தானாகவே பாதி குறையும், இப்போது எருமை இல்லை. ஜனவரி முதல் மார்ச்சுக்குள், கூடு இல்லாத காலத்தில், ஆளை விட்டு அரிவாளால் ஒரு வருடம் ஒரு பாதி, அடுத்த வருடம் மறு பாதி என்று வெட்டலாம். ஓரத்தில் நட்டுவைத்த கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களையும் தானாக முளைத்த சீகை (வாட்டில்) மரங்களையும் எடுத்துவிட்டால் சதுப்புக்கு நல்லதே நடக்கும், அவை குடிக்கிற தண்ணீர் கொஞ்சமில்லை. விளக்கு வேண்டவே வேண்டாம். காட்டு மாடுகள் ராத்திரி அங்கே தண்ணீர் குடிக்க இறங்குகின்றன. வெளிச்சம் கண்டு மிரண்டு லைன் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வாத்து விடுகிற யோசனையையும் கைவிடுங்கள், வளர்ப்பு வாத்துகள் இருக்கிற கோரையையும் முளையையும் தின்று தீர்த்துவிடும். பெஞ்சு போட ஆசை என்றால் பாலத்துப் பக்கம் ஒன்றே ஒன்று போடுங்கள். இலை வண்டிக்குக் காத்திருக்கும் பெண்கள் உட்கார்ந்துகொள்வோம்.

இன்னொன்று. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அகமதாபாத் மையம் 2011-இல் வெளியிட்ட ஈரநில வரைபடத்தில் 2.25 ஹெக்டேருக்குக் குறைவான நீர்நிலைகளை வெறும் புள்ளியாகத்தான் குறித்தார்கள். நம் சதுப்பு அந்த அளவில் பாதிகூட இல்லை. 2017-இல் வந்த ஈரநில விதிகள், அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதையும் அதில் கழிவு கொட்டுவதையும் தடை செய்கின்றன. ஆனால் சின்ன இடத்தை யாராவது கேட்டால்தான் அறிவிப்பார்கள். மாநில ஈரநில ஆணையத்துக்கு அனுப்பும்படி மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என் ஒன்பது நோட்டுகளையும் கொடுக்கிறேன், நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு முன்பு நீங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். தலைவர் அம்மா, உங்கள் தாய்வீடு மேல் ஹட்டிதான், சின்ன வயதில் அந்தத் துறையில் எருமை ஓட்டிக்கொண்டு இறங்கியிருப்பீர்கள். இலை எடுக்காத நாட்களில் காலை ஆறேகாலுக்கு நான் பாலத்தில் இருப்பேன். பனி ஏழு மணிக்குத்தான் விலகும், அதற்கு முன்பே குரல் கேட்கத் தொடங்கிவிடும். ரப்பர் பூட்ஸ் போட்டு வாருங்கள், அட்டை இருக்கும். உப்பு நான் கொண்டு வருகிறேன், பைனாகுலரும் இருக்கிறது. தாழைக்கோழிக் குஞ்சுகள் இன்னும் மூன்று வாரத்துக்காவது அதே ஓரத்தில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
கல்பாலத்துக்கு மேல் பக்கத்து இலைத் தோட்டக்காரி,
நீலகிரி மாவட்டம்